நெருங்கிய உறவுள்ள புரோபயாட்டிக் பாக்டீரியாக்களை மரபணு வழியே பிரித்தறிதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

தயிரிலிருந்தோ, புளித்த மாவிலிருந்தோ, கடையில் வாங்கிய காப்ஸ்யூலிலிருந்தோ ஒரு லாக்டிக் அமில பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது எந்த இனம், எந்தத் திரிபு என்று உறுதிசெய்ய முயல்பவர்கள் பெரும்பாலும் ஒரே சில இடங்களில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த இடங்களை இங்கே அறிகுறி வாரியாகக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்த காரணத்தைக் கடைசியிலும் வைத்திருப்பதால், மேலிருந்து கீழாக வரிசைப்படியே சோதித்து வாருங்கள்.

தொடங்குமுன் இரண்டு ஏற்பாடுகள் தேவை. முதலாவது, உங்கள் கேள்வி இனத்தைப் பற்றியதா, ஸ்ட்ரெய்ன் எனப்படும் திரிபைப் பற்றியதா என்பதை நோட்டுப்புத்தகத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். கீழே வரும் கோளாறுகளில் பாதி, இனத்தைச் சொல்ல மட்டுமே வல்ல ஒரு முறையிடம் திரிபைச் சொல்லச் சொல்வதால் வருபவை. இரண்டாவது, நீங்கள் சந்தேகிக்கும் ஒவ்வோர் இனத்துக்கும் அதன் வகைத் திரிபை, அதாவது அந்த இனப்பெயருக்கு அளவுகோலாகச் சேமிப்பகங்களில் வைக்கப்பட்டிருக்கும் திரிபை, வாங்கி ஒவ்வொரு ஓட்டத்திலும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். இந்தியாவில் சண்டிகரிலுள்ள எம்.டி.சி.சி., கர்னாலிலுள்ள என்.சி.டி.சி. ஆகிய சேமிப்பகங்களில் முதலில் விசாரிக்கலாம்.

அறிகுறி 1: பி.சி.ஆர். ஜெல்லில் பட்டையே வரவில்லை

பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ.வின் ஒரு குறிப்பிட்ட பகுதியை, பிரைமர் என்னும் சிறு டி.என்.ஏ. துண்டுகளின் உதவியால் பெருக்கும் முறை. பெருகியது ஜெல்லில் பட்டையாகத் தெரியும்.

*பாசிட்டிவ் கண்ட்ரோலிலும் (நிச்சயம் பட்டை தர வேண்டிய மாதிரியிலும்) பட்டை இல்லை என்றால்*

கோளாறு உங்கள் பாக்டீரியாவில் இல்லை. பிரைமர் கரைசலின் செறிவு, டி.என்.டி.பி.யை (டி.என்.ஏ. கட்டத் தேவையான மூலக்கூறுகளை) எத்தனை முறை உறையவைத்து உருக்கினார்கள் என்பது, கருவியில் ஓடிய நிரல் ஆகிய மூன்றையும் பாருங்கள். பலர் பயன்படுத்தும் கருவியில் வேறொருவர் இணைப்பு வெப்பநிலையை மாற்றி அதே பெயரில் சேமித்துவைத்திருப்பது சாதாரணமாக நடப்பது.

*கண்ட்ரோலில் பட்டை உண்டு, மாதிரியில் மட்டும் இல்லை என்றால்*

டி.என்.ஏ. வெளிவரவில்லை, அல்லது வெளிவந்த டி.என்.ஏ.வோடு பி.சி.ஆரைத் தடுக்கும் பொருளும் சேர்ந்து வந்திருக்கிறது. இரண்டில் எது என்பதை ஒரே சோதனையில் அறியலாம். பட்டை நன்றாக வரும் கண்ட்ரோல் டி.என்.ஏ.வோடு உங்கள் மாதிரியில் 1 மைக்ரோலிட்டரைச் சேர்த்து ஓட்டுங்கள். கண்ட்ரோல் பட்டையும் மறைந்துவிட்டால் தடுப்புப்பொருள் இருக்கிறது. மறையவில்லை என்றால் டி.என்.ஏ. போதவில்லை.

தடுப்புப்பொருள் பெரும்பாலும் பாக்டீரியா தன்னைச் சுற்றிச் சுரக்கும் பல்சர்க்கரைதான். பிப்பெட் முனையைக் கரைசலிலிருந்து தூக்கும்போது நூல் போல இழுபட்டு அறுந்தால் அதுவே காரணம் என்று கொள்ளலாம். டி.என்.ஏ.வின் தூய்மையைக் காட்டும் 260/230 ஒளி உறிஞ்சல் விகிதமும் 1.8-க்கு வெகு கீழே இருக்கும். மாதிரியை 10 மடங்கு நீர்த்து ஓட்டுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிட்டால் பி.சி.ஆர். கலவையில் போவைன் சீரம் ஆல்புமின் சேருங்கள். அடுத்த முறை செல்களை இரண்டு முறை கழுவிவிட்டுப் பிரித்தெடுப்பைத் தொடங்குங்கள்.

டி.என்.ஏ. போதவில்லை என்றால் செல்சுவர் உடையவில்லை என்று பொருள். ஈ.கோலைக்கு எழுதப்பட்ட கிட்டின் நெறிமுறையை லாக்டோபேசில்லஸுக்கு அப்படியே பின்பற்றினால் இப்படித்தான் ஆகும். இரவு முழுவதும் வளர்ந்து களைத்த செல்களை விட்டுவிட்டு, வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்களை எடுங்கள். லைசோசைமை மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை கொடுத்து 37 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வையுங்கள். அசையாவிட்டால் மியூட்டனோலைசின் சேருங்கள், அல்லது கண்ணாடி மணிகளால் உடையுங்கள். வித்துள்ள பேசில்லஸ் காப்ஸ்யூல்களுக்கு மணிகளால் உடைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் வித்துகளை முளைக்கவிட்டு வளர்ந்த செல்களிலிருந்து எடுக்க வேண்டும்.

*பிஃபிடோபாக்டீரியத்தில் மட்டும் பட்டை இல்லை என்றால்*

எல்லாப் பாக்டீரியாவுக்கும் பொதுவானது என்று விற்கப்படும் 27எஃப் பிரைமர், பிஃபிடோபாக்டீரியத்தின் 16எஸ் (பாக்டீரியாக்களை இனங்காண வழக்கமாகப் படிக்கப்படும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. மரபணு) வரிசையோடு 3 இடங்களில் பொருந்துவதில்லை. பிஃபிடோவுக்கென்று திருத்திய 27எஃப் கலவையை வாங்குங்கள். இந்தப் பேரினத்தின் டி.என்.ஏ.வில் ஜி, சி காரங்கள் 60 சதவீத அளவில் இருப்பதால், 5 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ. சேர்ப்பதும் உதவும்.

அறிகுறி 2: வெறும் தண்ணீர் விட்ட தடத்திலும் பட்டை தெரிகிறது

இந்த ஓட்டத்தின் முடிவு எதையும் பயன்படுத்தக் கூடாது, மாதிரிகளின் பட்டை எவ்வளவு அழகாக வந்திருந்தாலும். தண்ணீர், பிரைமர், டேக் நொதி என்று ஒவ்வொன்றாகப் புதிது மாற்றி ஓட்டுங்கள். 16எஸ் பொதுப் பிரைமர்களில் மட்டும், அதுவும் 30 சுற்றுகளைத் தாண்டிய பிறகு மங்கலாகத் தெரிந்தால், நொதியைத் தயாரிக்கப் பயன்பட்ட ஈ.கோலையின் டி.என்.ஏ. அதில் மிஞ்சியிருக்கக்கூடும், சுற்றுகளைக் குறையுங்கள் அல்லது டி.என்.ஏ. நீக்கப்பட்ட நொதியை வாங்குங்கள். இனத்துக்கே உரிய பிரைமரிலும் பட்டை வருகிறது என்றால், முந்தைய பி.சி.ஆர். விளைபொருள் உங்கள் மேசையிலேயே பரவியிருக்கிறது. ஜெல் ஏற்றும் இடத்தையும் கலவை தயாரிக்கும் இடத்தையும் பிரிக்காமல் இது தீராது.

அறிகுறி 3: 16எஸ் வரிசை இரண்டு மூன்று இனங்களோடு 99 சதவீதத்துக்கு மேல் பொருந்துகிறது

இது உங்கள் கைப்பிழை அன்று. லாக்டோபேசில்லஸ் இனங்களில் கேசியை, பாராகேசியை, ராம்னோசஸ் ஆகிய மூன்றும் ஒரு கூட்டம். பிளாண்டாரம், பென்டோசஸ், பாராபிளாண்டாரம் ஆகிய மூன்றும் இன்னொரு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் 16எஸ் வரிசைகள் ஏறத்தாழ ஒன்றே. தரவுத்தளத் தேடலில் முதலில் வந்த பெயரை எடுத்து எழுதிவிடுவதே இத்துறையில் நடக்கும் மிகப் பரவலான தவறு என்பது என் உறுதியான கருத்து. ஆகவே கீழுள்ளவற்றை வரிசையாகச் செய்யுங்கள்.

*எவ்வளவு நீளம் படித்திருக்கிறீர்கள்?*

16எஸ் மரபணு சுமார் 1,500 கார இணைகள் நீளமுள்ளது. வி3-வி4 பகுதியை மட்டும், அதாவது 460 இணைகள் அளவுக்கே படித்திருந்தால் இந்தக் கூட்டங்களைப் பிரிக்க வழியே இல்லை. சாங்கர் முறையில் ஒரு பக்கத்திலிருந்து நம்பகமாகக் கிடைப்பது 700 முதல் 900 காரங்கள்தான் என்பதால், இரு முனைகளிலிருந்தும் படித்து இணையுங்கள். கேசியை கூட்டத்தில் இருக்கும் சொற்ப வேறுபாடுகளில் கணிசமானவை மரபணுவின் தொடக்கப் பகுதியில் இருப்பதால், அந்த முனை தெளிவாக இருக்க வேண்டும்.

*எதோடு ஒப்பிட்டீர்கள்?*

பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தாங்கள் நம்பும் பெயரில் வரிசையைச் சேர்க்கலாம். ஆகவே தேடலை வகைத் திரிபுகளின் வரிசைகளுக்குள் மட்டும் குறுக்குங்கள். பெயர் மாற்றங்களையும் கவனியுங்கள். 2020 ஏப்ரலில் லாக்டோபேசில்லஸ் பேரினம் பிரிக்கப்பட்டு 23 புதிய பேரினங்கள் உருவாயின. கேசியை கூட்டம் லாக்டிகேசிபேசில்லஸ் என்றும், பிளாண்டாரம் கூட்டம் லாக்டிபிளாண்டிபேசில்லஸ் என்றும், ரியூட்டரியும் ஃபெர்மென்டமும் லிமோசிலாக்டோபேசில்லஸ் என்றும் ஆயின. அசிடோஃபிலஸ் பழைய பெயரிலேயே நீடிக்கிறது. பட்டியலில் இரண்டு பெயர்கள் வந்ததால் இரண்டு இனங்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

கேசியைக்கும் பாராகேசியைக்கும் இடையே இன்னொரு பழைய சிக்கலும் உண்டு. ஏ.டி.சி.சி. என்னும் அமெரிக்கச் சேமிப்பகத்தின் 334 என்ற திரிபைக் கேசியையின் புதிய அளவுகோலாக்க வேண்டும் என்று எழுந்த கோரிக்கை 2008இல் நிராகரிக்கப்பட்டது, ஏ.டி.சி.சி. 393 என்பதே வகைத் திரிபாக நீடிக்கிறது. அதன்படி பார்த்தால் சந்தையில் கேசியை என்று அறியப்பட்ட திரிபுகளில் பல மரபணுப்படி பாராகேசியையே. உலகப் புகழ்பெற்ற ஷிரோட்டா திரிபும் இன்று பாராகேசியை என்றே வகைப்படுத்தப்படுகிறது. 334-ஐயும் 393-ஐயும் ஒரே இனமாக எண்ணி ஒப்பிட்டால் உங்கள் முடிவு ஒருபோதும் தெளியாது.

*வேறு மரபணுவுக்கு மாறுங்கள்*

பிளாண்டாரம் கூட்டத்துக்கு ரெக்-ஏ மரபணுவை வைத்த கூட்டு பி.சி.ஆர். மலிவானது, வேகமானது, வரிசை படிக்கவே தேவையில்லை. பிளாண்டாரத்துக்கு 318, பென்டோசஸுக்கு 218, பாராபிளாண்டாரத்துக்கு 107 கார இணைகளில் பட்டை விழும். 107-இல் விழுவதைப் பிரைமர்-டைமர் (பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் போலிப் பட்டை) என்று தள்ளிவிடவோ, பிரைமர்-டைமரைப் பாராபிளாண்டாரம் என்று எடுத்துக்கொள்ளவோ இடமிருப்பதால், 2 சதவீத ஜெல்லில் மூன்று வகைத் திரிபுகளையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

கேசியை கூட்டத்துக்கு டஃப், மியூட்-எல் ஆகிய மரபணுக்களும், பொதுவாக லாக்டோபேசில்லஸ்களுக்கு ஃபெ-எஸ், ஆர்.பி.ஓ.-ஏ ஆகியவையும், பிஃபிடோபாக்டீரியத்துக்கு எச்.எஸ்.பி.60 மரபணுவும் நன்றாகப் பிரிக்கின்றன. ஒரு மரபணு மட்டும் ஓர் இனத்தையும் இன்னொன்று வேறோர் இனத்தையும் காட்டினால், முதலில் காலனி தூயதா என்று பாருங்கள். தூயதாக இருந்தும் முரண்பாடு நீடித்தால் மூன்றாவது மரபணுவைத் தேடி அலையாமல் முழு மரபணுத்தொகைக்குப் போங்கள்.

*எப்போது வெளியே கொடுக்க வேண்டும்?*

முடிவு ஒரு லேபிளிலோ, காப்புரிமையிலோ, ஒழுங்குமுறை விண்ணப்பத்திலோ போகிறது என்றால் முழு மரபணுத்தொகையைப் படிக்கக் கொடுத்துவிடுங்கள். வகைத் திரிபோடு சராசரி நியூக்ளியோடைடு ஒற்றுமை 95-96 சதவீதத்துக்கு மேல் இருந்தால், அல்லது கணினி வழி டி.என்.ஏ. கலப்பு மதிப்பு 70 சதவீதத்தைத் தாண்டினால், அதே இனம் என்று கொள்வதே இன்றைய வழக்கம். எல்லைக்கோட்டில் நிற்கும் எண்களைத் தாமே தீர்மானிக்காமல் ஒரு வகைப்பாட்டியல் வல்லுநரிடம் காட்டுவது நல்லது.

அறிகுறி 4: வரிசைப் படத்தில் சிகரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன

*முதல் காரத்திலிருந்தே இரட்டைச் சிகரங்கள் என்றால்*

ஒன்றுக்கு மேற்பட்ட பாக்டீரியா கலந்திருக்கிறது. எம்.ஆர்.எஸ். (லாக்டிக் அமில பாக்டீரியாவை வளர்க்கும் ஊடகம்) தட்டில் ஒரே காலனி போலத் தெரிவது பலசமயம் இரண்டு உயிரிகள் ஒட்டி வளர்ந்ததாக இருக்கும். மூன்று முறை தொடர்ந்து கோடிழுத்து ஒற்றைக் காலனி எடுங்கள். பல இனங்கள் கலந்த காப்ஸ்யூல்களில் வேகமாக வளரும் இனம் மற்றதை மறைத்துவிடும் என்பதால், அளவிலும் விளிம்பிலும் வேறுபட்ட ஒவ்வொரு காலனியையும் தனியே எடுக்க வேண்டும்.

*நடுவில் ஓரிடம் வரை தெளிவாக இருந்து, அங்கிருந்து குழம்பினால்*

இதைக் கலப்படம் என்று முடிவு கட்டாதீர்கள். இந்தப் பாக்டீரியாக்களில் 16எஸ் மரபணுவுக்குப் பல படிகள், அதாவது நகல்கள், உண்டு. பிளாண்டாரத்தின் டபிள்யூ.சி.எஃப்.எஸ்.1 திரிபில் 5 படிகள் இருக்கின்றன. ஒரு படியில் ஒரே ஒரு காரம் கூடுதலாகவோ குறைவாகவோ இருந்தாலும், அந்த இடத்துக்குப் பிறகு சிகரங்கள் ஒன்றுக்கொன்று ஓரடி தள்ளி விழும். எதிர்முனையிலிருந்து படித்தாலும் அதே இடத்துக்குப் பிறகு குழப்பம் தொடங்கினால் படிகளுக்கிடையேயான வேறுபாடு என்பது உறுதி. இரு பக்கத்துத் தெளிவான பகுதிகளையும் இணைத்துக்கொள்ளலாம், அல்லது மரபணுத்தொகையில் ஒரே ஒரு படி மட்டுமே உள்ள ஃபெ-எஸ் போன்ற மரபணுவுக்கு மாறலாம்.

அறிகுறி 5: ஆர்.ஏ.பி.டி. பட்டை அமைப்பு ஒவ்வொரு முறையும் மாறுகிறது

10 காரப் பிரைமர் ஒன்றைத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒட்டவைத்து, விழும் பட்டைகளின் அமைப்பால் திரிபுகளைப் பிரிக்கும் இந்த முறை, டி.என்.ஏ. அளவு, மெக்னீசியச் செறிவு, நொதியின் கம்பெனி, கருவி வெப்பம் ஏற்றும் வேகம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஆடும். உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண்மை அமைப்பும் 2002இல் வெளியிட்ட புரோபயாட்டிக் வழிகாட்டுதலும் இதன் மீளக்கிடைக்கும் தன்மை குறைவு என்றே சொல்கிறது.

எல்லா மாதிரிகளையும் ஒரே செறிவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் இரண்டு நீர்ப்புகளில் ஓட்டி, இரண்டிலும் வரும் பட்டைகளை மட்டும் கணக்கில் எடுங்கள். அதன்பின் மிக முக்கியமான சோதனை: ஒரே திரிபை இரண்டு தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, தனித்தனியாக டி.என்.ஏ. எடுத்து ஓட்டுங்கள். இந்த இரண்டும் ஒன்றையொன்று 90 சதவீதம்தான் ஒத்திருக்கின்றன என்றால், 90 சதவீதத்துக்கு மேல் ஒத்த எந்த இரண்டு மாதிரிகளையும் வேறு திரிபுகள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. இந்த எல்லையைக் கண்டுபிடிக்காமல் வரையப்படும் கிளைப்படங்களை நான் நம்புவதில்லை.

ஆட்டம் நிற்காவிட்டால் ஜி.டி.ஜி.-5 பிரைமரைக் கொண்ட, மரபணுத்தொகையில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைக் குறிவைக்கும் ரெப்-பி.சி.ஆருக்கு மாறுங்கள், இது நீண்ட பிரைமர் என்பதால் நிலையாக இருக்கும். நூறு காலனிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்க இவ்விரு முறைகளும் போதும். இறுதித் தீர்ப்புக்குப் போதாது.

அறிகுறி 6: பல்ஸ்டு-ஃபீல்டு ஜெல்லில் பட்டைகளுக்குப் பதில் புகை போன்ற தீற்றல்

மரபணுத்தொகையை வெட்டு நொதியால் பெரிய துண்டுகளாக்கி, மின்புலத்தின் திசையை மாற்றி மாற்றி ஜெல்லில் பிரிக்கும் முறை இது. முதலில் டி.என்.ஏ. அடங்கிய, வெட்டு நொதி போடாத அகரோஸ் துண்டு ஒன்றை அதே ஜெல்லில் ஓட்டுங்கள். கிளைகள் இங்கிருந்துதான் பிரிகின்றன.

*வெட்டாத துண்டிலும் தீற்றல்:* டி.என்.ஏ. ஏற்கெனவே உடைந்திருக்கிறது. இளம் செல்களை எடுத்து, எடுத்தவுடன் பனிக்கட்டியில் வைத்து, போதிய ஈ.டி.டி.ஏ. உள்ள கரைசலில் துண்டுகளைச் செய்யுங்கள். சில திரிபுகளின் டி.என்.ஏ. ஓட்டத்தின்போது டிரிஸ் கரைசலிலேயே சிதையும். அதற்கு ஓட்டக் கரைசலில் 50 மைக்ரோமோலார் தயோயூரியா சேர்ப்பது அறியப்பட்ட தீர்வு.

*வெட்டாதது கிணற்றிலேயே நிற்கிறது, வெட்டியதும் அப்படியே நிற்கிறது:* ஒன்று, செல்சுவர் உடையவில்லை. அல்லது புரோட்டினேஸ்-கே கழுவப்படாமல் மிஞ்சி வெட்டு நொதியைச் செரித்துவிட்டது. கழுவலை இரட்டிப்பாக்குங்கள்.

*பட்டைகள் மிக அதிகம் அல்லது மிகக் குறைவு:* நொதித் தேர்வு தவறு. ஜி, சி மிகுந்த பிஃபிடோபாக்டீரியத்துக்கு எக்ஸ்.பி.ஏ.1, எஸ்.பி.இ.1 பொருந்தும், கேசியை கூட்டத்துக்கு நாட்-1, எஸ்.எஃப்.ஐ.1, ஜி, சி 35 சதவீதமே உள்ள அசிடோஃபிலஸுக்கு எஸ்.எம்.ஏ.1.

மேலே சொன்ன வழிகாட்டுதல் இந்த முறையைத்தான் திரிபு பிரிப்பில் பொன்தரம் என்றது. ஆயினும் இரண்டு முறை திருத்தியும் தீற்றல் தீரவில்லை என்றால், மூன்றாவது வாரத்தையும் இதில் செலவிடாமல் அதே தூய காலனியை மரபணுத்தொகைச் சேவைக்கு அனுப்புவதே இன்று சிக்கனம்.

அறிகுறி 7: வேறு என்று தெரிந்த இரண்டு திரிபுகள் எந்த முறையிலும் பிரியவில்லை

*எந்த இனம் என்று பாருங்கள்*

சில இனங்களில் திரிபுகளுக்கிடையே வேறுபாடே மிக அரிது. பிஃபிடோபாக்டீரியம் அனிமாலிஸ் துணையினம் லாக்டிஸ் அவற்றில் முதன்மையானது. அதன் வகைத் திரிபான டி.எஸ்.எம். 10140, வணிகத் திரிபான பி.எல்.-04 ஆகியவற்றின் முழு மரபணுத்தொகைகளை 2009இல் ஒப்பிட்டபோது, ஏறத்தாழ 19.4 லட்சம் கார இணைகளில் 47 ஒற்றைக் கார மாற்றங்களும் 4 சேர்ப்பு-நீக்கங்களும் மட்டுமே தென்பட்டன. இப்படிப்பட்ட இரண்டைப் பட்டை அமைப்பால் பிரிக்க முயல்வது வீண். மாற்றம் உள்ள இடங்களையே குறிவைக்கும் பி.சி.ஆர். அல்லது முழு வரிசை மட்டுமே வழி.

*பிளாஸ்மிட்டைப் பாருங்கள்*

ரியூட்டரியின் டி.எஸ்.எம். 17938 திரிபு, ஏ.டி.சி.சி. 55730 திரிபிலிருந்து நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பு மரபணுக்களைத் தாங்கிய இரண்டு பிளாஸ்மிட்களை (குரோமோசோமுக்கு வெளியே உள்ள சிறு டி.என்.ஏ. மூலக்கூறுகளை) நீக்கிப் பெறப்பட்டது. குரோமோசோமை மட்டும் பார்க்கும் முறைக்கு இவை ஒன்றே. பாதுகாப்பு மதிப்பீட்டுக்கோ இரண்டும் ஒன்றல்ல. பிளாஸ்மிட் அமைப்பை ஜெல்லில் ஓட்டுவதோ, அந்த எதிர்ப்பு மரபணுக்களுக்கு பி.சி.ஆர். செய்வதோ சில மணி நேர வேலைதான்.

*ஒற்றை அடையாள மரபணுவை மட்டும் நம்பியிருக்கிறீர்களா?*

ராம்னோசஸ் ஜி.ஜி. திரிபின் மேற்பரப்பு இழைகளுக்கான ஸ்பா-சி மரபணுவை அதன் அடையாளமாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மரபணு வேறு சில திரிபுகளிலும் உண்டு, ஜி.ஜி.யிலிருந்தே வந்த சில தயாரிப்புகளில் அது தொலைந்தும் போயிருக்கிறது. ஆகவே இருப்பதை வைத்து ஜி.ஜி. என்றோ, இல்லாததை வைத்து ஜி.ஜி. அல்ல என்றோ சொல்ல முடியாது. குறைந்தது இரண்டு தொடர்பற்ற இடங்களைச் சோதியுங்கள்.

*முழு வரிசையில் சில மாற்றங்கள் மட்டும் தெரிகின்றன என்றால்*

அவை உண்மையா, படிக்கும் பிழையா? ஒரே வளர்ப்பை இரண்டு முறை வரிசைப்படுத்திப் பாருங்கள். தனக்குத்தானே காட்டும் வேறுபாடு உங்கள் பிழையளவு. ஒவ்வோர் இடமும் சராசரியாக 50 முறைக்கு மேல் படிக்கப்பட்டிருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பகுதிகளில் விழும் மாற்றங்களைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். குறுகிய வரிசைகளில் பிளாஸ்மிட்கள் துண்டு துண்டாகச் சிதறித் தெரியும் என்பதால், அவை முக்கியமாக இருக்கும்போது நீண்ட வரிசைகளையும் சேர்த்துக் கேளுங்கள். இந்தக் கட்டத்தில் உயிர்த்தகவலியல் தெரிந்த ஒருவர் உடன் இருப்பது அவசியம்.

அறிகுறி 8: லேபிளில் உள்ள பெயரும் உங்கள் முடிவும் ஒத்துப்போகவில்லை

*பெயர் மட்டும் பழையதா?* இந்தியச் சந்தையில் லாக்டோபேசில்லஸ் ஸ்போரோஜீன்ஸ் என்று எழுதப்படுவது உண்மையில் பேசில்லஸ் கோயாகுலன்ஸ். அதுவும் இன்று ஹெய்ன்ட்ரிக்ஸியா கோயாகுலன்ஸ் எனப்படுகிறது. காசில்லாத சோதனை ஒன்று உண்டு. கரைசலை 80 டிகிரி செல்சியஸில் 10 நிமிடம் வைத்துவிட்டுத் தட்டில் பரப்புங்கள். காலனி வளர்ந்தால் அது வித்து உருவாக்கும் உயிரி. லாக்டோபேசில்லஸ் வித்து உருவாக்குவதில்லை.

*இனமே இல்லையா, உயிரோடு இல்லையா?* தட்டில் வளராத இனம் டி.என்.ஏ.வில் தெரிந்தால் செல்கள் இறந்திருக்கலாம். சாதாரண பி.சி.ஆர். இறந்த செல்லையும் சேர்த்தே எண்ணும். டி.என்.ஏ. எடுக்குமுன் புரோபிடியம் மோனோஅசைடு இட்டு ஒளி காட்டினால், சவ்வு சிதைந்த செல்களின் டி.என்.ஏ. பெருகாது. பிஃபிடோபாக்டீரியத்தை இறந்தது என்று சொல்லுமுன், காற்றில்லா ஜாடியில் சிஸ்டீன் சேர்த்த ஊடகத்தில் வளர்த்துப் பார்த்தீர்களா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

*உண்மையிலேயே வேறு இனம் என்றால்?* ஒரே புட்டியை வைத்து எதையும் வெளியே சொல்லக் கூடாது. வேறொரு தொகுதி எண் கொண்ட தயாரிப்பிலிருந்து முதலிலிருந்தே திரும்பச் செய்யுங்கள். இரண்டு தொகுதிகளிலும் முடிவு ஒன்றே என்றால், எண்ணிட்ட தூய வளர்ப்புகளை, பெயரைச் சொல்லாமல், தொடர்பில்லாத இன்னோர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல், புரோபயாட்டிக்கைத் திரிபு அளவில் அடையாளப்படுத்தக் கோருகிறது. ஆகவே உங்கள் அறிக்கையும் அந்த அளவில் நிற்க வேண்டும். அனுப்பும் குழாயோடு காலனி எடுத்த நாள், ஊடகம், எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தது, எந்த வகைத் திரிபோடு ஒப்பிட்டது ஆகியவற்றையும், பச்சையான வரிசைக் கோப்புகளையும் சேர்த்து அனுப்புங்கள். அதே காலனியின் கிளிசரால் குழாய்கள் இரண்டை மைனஸ் 80 டிகிரியில் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.